இரண்டு எண்பதுகள்

"ஏன் ஸார், எங்கள் பெண் பிளஸ் டூவில் நூற்றுக்கு 84 வாங்கியிருக்கிறாள். 80-க்கு மேல் இருந்தால் சர்க்கார் உபகாரச் சம்பளம் உண்டாமே! நிச்சயம் கிடைக்குமில்லையா?"

மாடி வீட்டு மாமி இப்படிக் கேட்டபோது எனக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. 'இல்லை' என்று சொல்ல மனம் வரவில்லை. 'உண்டு' என்று சொல்லத் துணிவில்லை.

மாமி சொன்ன 80 வேறு, மத்திய சர்க்காரின் கல்லூரி உபகாரச் சம்பளத் திட்டம் சொல்லும் 80 வேறு. அது மார்க்கு அல்ல, வரிசை. ஒரே போர்டில், ஒரே பிரிவில் தேறிய நூறு பேரை மார்க்குப்படி நிற்க வைத்தால், முதல் 20 பேருக்குள் நம் பெண் நிற்க வேண்டும். எல்லோரும் மார்க்கை அள்ளிக்கொண்டு வரும் வருஷத்தில் 84 பின்னால் போய்விடும். கை இறுகின போர்டில் அதே 84 முன்னால் வந்துவிடும்!

வரிசையில் நின்றால் மட்டும் போதுமா? தேசம் முழுவதற்கும் ஆண்டுக்கு 82,000 பேருக்குத்தான் புதிதாகக் கொடுக்கிறார்கள். இதில் சரிபாதி, 41,000, பெண்களுக்கென்றே ஒதுக்கியது. சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ. போர்டுகளின் பங்கை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை 18 முதல் 25 வயது வரையுள்ள ஜனத்தொகையைப் பார்த்து மாநிலங்களுக்குப் பிரிக்கிறார்கள். பிறகு விஞ்ஞானத்துக்கு மூன்று பங்கு, காமர்ஸுக்கு இரண்டு, கலைப் பிரிவுக்கு ஒன்று. ஆகவே நம் பெண்ணுக்குப் போட்டி எங்கோ டில்லியில் இருக்கும் பெண் அல்ல. அதே போர்டில் அதே பாடம் எழுதியவள்தான். அவர்களிலும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்தைத் தாண்டியவர்களும், வேறு உபகாரச் சம்பளமோ கட்டணச் சலுகையோ பெறுகிறவர்களும் விலகிவிடுகிறார்கள். தபால் வழிப் படிப்புக்கும் கிடையாது.

முதல் மூன்று வருஷம் ஆண்டுக்கு 12,000 ரூபாய். மாதம் ஆயிரம் எந்த மூலைக்கு என்பவர்கள், பஸ் சார்ஜுக்குக் கணக்குப் பார்க்கும் வீட்டில் கேட்டுப் பார்க்கட்டும்.

என் சித்தி பெண்ணுக்கு முதல் வருஷம் கிடைத்தது. அடுத்த வருஷத்துக்கு வேண்டிய 50 சதவிகித மார்க்கும் இருந்தது, 75 சதவிகித ஆஜரும் இருந்தது. ஆனால் வருஷா வருஷம் மறுபடி மனுப் போட வேண்டும் என்று கல்லூரியில் யாரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. தெரிந்தபோது கெடு முடிந்திருந்தது. அந்த வருஷம் சித்தியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. முதல் மனுவும் அப்படித்தான்: கல்லூரி சரிபார்த்து மேலே அனுப்பாவிட்டால் அங்கேயே தூங்கும். நாமேதான் போய்த் தட்டி எழுப்ப வேண்டும்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டாள் மாமி.

"அப்படியானால் எங்கள் பெண்ணுக்கு உண்டா, இல்லையா?"

"என்ன பிரிவு, மாமி?"

"காமர்ஸ்."

"மனுப் போடுங்கள். போடாதவளுக்கு 99 வாங்கினாலும் கிடையாது."

"வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் எத்தனை மணிக்கு ஸார் திறப்பான்?" என்று கேட்டுக்கொண்டே மாமி செருப்பை மாட்டிக்கொண்டாள்.