திடல் யார் பொறுப்பு?

காவிரி டெல்டாவில் மிகப் பெரிய விளையாட்டரங்கம் அறுத்த வயல்தான். தை மாதம் சம்பா அறுப்பு. அதற்குச் சில நாள் முன்பே, நெல் நிற்கும் ஈர வயலில் உளுந்து தெளித்துவிடுவார்கள். ஆகவே பங்குனி வரை அங்கே கால் வைக்க முடியாது. உளுந்து பிடுங்கிய பிறகு ஸ்டம்பு நடலாம். களிமண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும். பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று வீசியவருக்கே தெரியாது. ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்து சேர்ந்தால் குறுவை உழவு தொடங்கிவிடும், ஆட்டம் முடிந்துவிடும்.

மற்ற மாதங்களில் எங்கே விளையாடுவது? நஞ்சை போக இங்கே மிஞ்சுவது நத்தம், கோயில், குளம், சுடுகாடு, நெல் அடிக்கும் களம். திடல் வேண்டுமானால் புறம்போக்கில்தான் தேட வேண்டும். அதைத் தேடித் தருவது யார் வேலை என்று சட்டத்தைப் புரட்டினால் ஒரு விசித்திரம் கண்ணில் படும்.

1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் அரசியல் சட்டத் திருத்தங்கள் உள்ளாட்சிகளுக்கு இரண்டு பட்டியல்களைத் தந்தன. நகரங்களுக்கான பன்னிரண்டாம் அட்டவணையில் 18 இனங்கள். பூங்காவும் விளையாட்டுத் திடலும் அவற்றில் அடக்கம். ஊராட்சிகளுக்கான பதினோராம் அட்டவணையில் 29 இனங்கள். மீன்வளம் உண்டு, நூலகம் உண்டு, சந்தை உண்டு. விளையாட்டு மட்டும் இல்லை! 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அந்தக் குறையைப் பாதிதான் தீர்த்தது. சாலை, தெருவிளக்கு, வடிகால், குடிநீர் ஆகியவை 110ஆம் பிரிவில் கடமைகள். திடலும் உடற்பயிற்சி நிலையமும் 111ஆம் பிரிவில், ஊராட்சி விரும்பினால் செய்யலாம் என்ற வரிசையில் நிற்கின்றன. கையில் காசு குறைந்த ஊராட்சி எதை முதலில் கைவிடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் கிராமத்து விளையாட்டு திட்டங்களை நம்பியே பிழைக்கிறது. 2006இல் வந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிதோறும் நூலகமும் திடலும் அமைக்க முயன்றது. 2011இல் ஆட்சி மாறி ‘தாய்’ திட்டம் வந்ததும் குடிநீர், தெருவிளக்கு, சாலை முன்னுக்கு வந்தன. 2020இல் அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம். 2024இல் கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்தில் 33 வகைப் பொருள்கள். மட்டையும் வலையும் வந்துவிடுகின்றன. புல் செதுக்கவும் கோடு போடவும் ஊராட்சியில் ஆள் கிடையாது.

நகரம் மட்டும் என்ன வாழ்கிறது? 1866இல் தோன்றிய தஞ்சை நகராட்சி 1871-72லேயே பெரிய கோயிலை ஒட்டிச் சிவகங்கைப் பூங்காவை அமைத்தது. ஆனால் அன்னை சத்யா விளையாட்டரங்கம் மாநில அரசின் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கையில் இருக்கிறது. பூங்காவுக்கு ஒரு முதலாளி, மைதானத்துக்கு வேறொரு முதலாளி.

தஞ்சாவூர் 2014இல் மாநகராட்சியானது. இப்படி வளரும் நகரத்தோடு பக்கத்து ஊராட்சி ஒன்று சேர்ந்தால் திடல் அரசியல் சட்டப் பட்டியலுக்குள் வந்துவிடும். அதே நாளில், நூறு நாள் வேலை என்று ஊரார் அறிந்த ஊரக வேலைத் திட்டம் கைநழுவும். விளையாட்டுத் திடல் அமைப்பது அந்தத் திட்டம் அனுமதித்த பணிகளில் ஒன்று என்பதுதான் வேடிக்கை.

என்னைக் கேட்டால் 111இல் இருப்பதை 110க்கு மாற்றுவதுதான் உண்மையான சீர்திருத்தம். அதற்குப் பணமும் கூடவே வர வேண்டும். அதுவரை ஒன்று செய்யுங்கள். உங்கள் ஊர்த் திடல் எந்தப் புல எண்ணில் இருக்கிறது, ‘அ’ பதிவேட்டில் அது என்னவென்று எழுதப்பட்டிருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். பதிவேட்டில் திடலாக இல்லையென்றால், அடுத்த கிராம சபையில் அதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.