விட்ட இடத்திலிருந்து தொடங்கலாமே!

சிவகாசிப் பக்கத்துப் பள்ளிகளில் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் சில பெயர்களுக்கு நேரே தொடர்ந்து பத்து, பதினைந்து நாட்கள் விடுப்பு இருக்கும். பெரும்பாலும் அதன் பின்னால் ஒரு காரணமும் இருக்கும். சென்ற ஆண்டு என் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் பதினாறு நாட்கள் வரவில்லை. பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் அவன் அம்மாவுக்குக் கையில் தீக்காயம். அப்பா மருத்துவமனையில் இருக்க, தங்கையைப் பார்த்துக்கொண்டு இவன் வீட்டில் இருந்தான்.

அவன் திரும்பி வந்தபோது வகுப்பு ஓரினப் பின்னங்களைத் தாண்டி வேற்றினப் பின்னங்களுக்கு வந்திருந்தது. இரண்டு நாட்கள் பேசாமல் இருந்தான். மூன்றாம் நாள் நான் கேட்டதற்கு, “சார், கேம்ல அவுட்டானாகூட விட்ட எடத்துல இருந்து ஆடலாம். இங்க எங்க இருந்து ஆரம்பிக்கன்னே தெரியல” என்றான்.

அந்த ஒரு வரிக்காகத்தான் நான் வீடியோ கேம்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

கடினம் வேறு, தொல்லை வேறு

1985இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டில் கையிலுள்ள உயிர்கள் தீர்ந்துவிட்டால் வழக்கமாக முதல் கட்டத்திலிருந்துதான் மறுபடி ஆட வேண்டும். ஏழாம் கட்டத்தில் தோற்றவர், ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஆறு கட்டங்களையும் திரும்பக் கடக்க வேண்டும். 1987இல் அமெரிக்காவில் வெளியான ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’ கேட்ரிஜுக்குள் சிறு பேட்டரி ஒன்றை வைத்து, ஆடியவரின் நிலையைச் சேமித்தது. இன்றைய விளையாட்டுகளில் பெரும்பாலானவை, ஆடுபவர் கேட்காமலே அவ்வப்போது தாமாகச் சேமித்துக்கொள்கின்றன. அது இல்லாத விளையாட்டை இன்றைய பிள்ளைகள் குறை சொல்வார்கள்.

இன்னும் சில வசதிகளையும் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். பார்த்த காட்சியைத் தாண்டிச் செல்லும் வசதி வேண்டும். தோற்றால் காத்திருக்காமல் உடனே மறுமுயற்சி செய்ய வேண்டும். திணறும்போது சிறு குறிப்புக் கிடைக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கவும், பொத்தான்களைத் தம் கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளவும் முடிய வேண்டும். 2020இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ விளையாட்டில் பார்வை, செவித்திறன், கை அசைவு ஆகியவற்றில் குறைபாடு உள்ளவர்களுக்காக 60க்கும் மேற்பட்ட அமைப்புகள் உண்டு.

2018இல் வெளியான ‘செலஸ்ட்’ மிகக் கடினமான மலையேற்ற விளையாட்டு. அதில் ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் உதவி முறை இருக்கிறது. வேண்டுமா, வேண்டாமா என்பதை ஆடுபவரே முடிவு செய்யலாம். உதவி இருப்பதால் மலையின் உயரம் குறைந்துவிடவில்லை.

இதில்தான் நமக்கான பாடம் இருப்பதாக நினைக்கிறேன். இந்த வசதிகள் புதிரை எளிதாக்குவதில்லை. புதிரைச் சுற்றியுள்ள வீண் தொல்லையை நீக்குகின்றன. வேற்றினப் பின்னங்களைக் கூட்டுவது கடினம், அது இருக்கட்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விழிப்பது தொல்லை, அது வேண்டாம்.

நமக்குப் புதிதல்ல

செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுவதும் வந்தபோது வகுப்பறைச் சுவரில் ஏணிப்படி அட்டவணை இருந்ததை மூத்த ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விடுப்பு எடுத்த குழந்தை திரும்பி வந்ததும், தான் நின்ற படியைக் கண்டுபிடித்து அடுத்த அட்டையை எடுக்கும். அதுவும் ஒரு ‘சேவ்’ வசதிதான். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளும் குழந்தை நிற்கும் இடத்திலிருந்தே தொடங்குபவை. மேல் வகுப்புகளுக்கு வரும்போதுதான் நாம் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுகிறோம்.

வகுப்பில் செய்தவை

முதலாவதாக, ஒவ்வொரு மாணவரின் கணக்கு நோட்டிலும் கடைசிப் பக்கத்துக்கு ‘விட்ட இடம்’ என்று பெயர் வைத்தோம். யார் உதவியும் இல்லாமல் கடைசியாகச் செய்து முடித்த கணக்கை, வெள்ளிக்கிழமை தோறும் அவர்களே அதில் எழுதுவார்கள். விடுப்பு முடிந்து வருபவருக்கு முதல் பதினைந்து நிமிடம் அந்தக் கணக்கிலிருந்துதான் வேலை.

இரண்டாவதாக, ஒவ்வொரு பயிற்சிக்கும் மூன்று குறிப்புச் சீட்டுகளை மடித்து மேசையில் வைக்கிறேன். முதல் சீட்டில் ஒரு கேள்வி, இரண்டாவதில் ஒரு படம், மூன்றாவதில் முதல் படி மட்டும். எடுப்பதும் எடுக்காததும் அவர்கள் விருப்பம். எடுத்தவருக்கு மதிப்பெண் குறையாது.

மூன்றாவதாக, கரும்பலகையில் சிவப்பையும் பச்சையையும் மட்டும் வைத்து வேறுபாடு காட்டுவதை நிறுத்திவிட்டேன். அந்த இரு நிறங்களையும் பிரித்தறிய முடியாத குழந்தைகள், குறிப்பாக ஆண் குழந்தைகள், எந்த வகுப்பிலும் இருக்கலாம். இப்போது வட்டமும் அடிக்கோடும் சேர்த்து இடுகிறேன்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. தினமும் உள்ளே வந்தால் பரிசு, காத்திருக்க மனமில்லாவிட்டால் பணம் என்பவையும் விளையாட்டுகளில் ‘வசதி’ என்ற பெயரில்தான் வருகின்றன. அவை பெரும்பாலும் ஆடுபவருக்காக அல்ல, விற்பவருக்காக. இந்த வேறுபாட்டை மாணவர்களிடமே கேட்டுப் பாருங்கள்; நம்மைவிடத் தெளிவாகச் சொல்வார்கள்.

அந்த மாணவன் இப்போது ஏழாம் வகுப்பில் இருக்கிறான். வேற்றினப் பின்னங்களில் இன்னும் தடுமாறுகிறான். அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போக இடையிடையே விடுப்பும் எடுக்கிறான். ஆனால் திரும்பி வரும் நாளில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, தானே தொடங்கிவிடுகிறான்.

உங்கள் வகுப்பிலும் நாளை யாராவது நீண்ட விடுப்புக்குப் பின் திரும்பி வரலாம். “ஏன் வரவில்லை?” என்று கேட்பதற்கு முன்னால், “எதில் விட்டாய்?” என்று கேட்டுப் பாருங்கள்.