ரீல்ஸ்ல வர்ற இங்கிலீஷ் கிராமம்... அங்கேயே வளர்ந்தவங்க என்ன சொல்றாங்க?

வைக்கோல் கூரை போட்ட கல் வீடு. வாசல்ல ரோஜாக் கொடி. ஜன்னல் ஓரமா தூங்குற பூனை. பின்னணியில மெல்லிசா ஒரு பியானோ. 'காட்டேஜ்கோர்'னு ஹேஷ்டேக் போட்டு வர்ற இந்த மாதிரி ரீல்ஸை நீங்களும் ஒரு தடவையாவது சேவ் பண்ணியிருப்பீங்க. 'பேசாம இங்க பொறந்திருக்கலாம்'னு கீழே யாராவது புலம்பியிருப்பாங்க. அது நானாகவும் இருக்கலாம்.

சரி, அந்த வீடுகள்ல நிஜமாவே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் எப்படி வாழ்ந்தாங்க? அதைத் தெரிஞ்சுக்க கற்பனை தேவையில்லை. அவங்களே எழுதி வெச்சிருக்காங்க.

முதல்ல ஒரு சின்ன ஏமாற்றத்தைச் சொல்லிடறேன். நம்மில் பலருக்கு இங்கிலீஷ் கிராமத்தை அறிமுகம் செஞ்சது எனிட் பிளைட்டன். 1942-ல தொடங்கின 'ஃபேமஸ் ஃபைவ்' கதைகள்ல பிள்ளைங்க பாட்டுக்கு சைக்கிள், நாய், சாண்ட்விச்சோட கிளம்பிடுவாங்க. ஆனா, பிளைட்டன் வளர்ந்தது லண்டனை ஒட்டின பெக்கன்ஹாம்ங்கிற புறநகர்ப் பகுதியில. அதாவது, நம்ம மனசுல இருக்கிற அந்தக் கிராமத்தை வரைஞ்சவரே கிராமத்துப் பிள்ளை கிடையாது!

அசல் கிராமத்துப் பிள்ளை வேணும்னா லாரி லீகிட்ட போகணும். 1914-ல பிறந்தவர். மூணு வயசுல க்ளாஸ்டர்ஷயர் மாவட்டத்தோட ஸ்லாட் கிராமத்துக்குக் குடும்பம் குடியேறுது. அப்பா குடும்பத்தை விட்டுட்டுப் போயிடறார். அவருடைய முதல் மனைவியின் பிள்ளைகளையும், தன் பிள்ளைகளையும் சேர்த்து அம்மா ஒருத்தரே வளர்க்கிறார். அந்த நாள்களைத்தான் 1959-ல 'சைடர் வித் ரோஸி'னு புத்தகமா எழுதினார் லீ. இங்கிலாந்துல பல தலைமுறை மாணவர்கள் பள்ளியிலேயே படிச்ச புத்தகம் இது.

இதுல எல்லாருக்கும் பிடிச்ச ஒரு காட்சி இருக்கு. பள்ளியில முதல் நாள். டீச்சர் அவரை ஒரு இடத்துல உட்காரச் சொல்றாங்க. 'இப்போதைக்கு' என்ற அர்த்தத்துல அவங்க சொன்ன வார்த்தை, 'பிரசென்ட்'. பையன் காதுல அது பரிசுன்னு விழுந்துடுச்சு. நாள் முழுக்க நகராம உட்கார்ந்து காத்திருந்துட்டு, பரிசு தராம ஏமாத்திட்டாங்கன்னு கோபத்தோட வீட்டுக்கு வர்றார். 'பிரசென்ட் மிஸ்' சொல்லியே வளர்ந்த நமக்கு அந்த வார்த்தைக்கு மூணாவதா ஒரு அர்த்தமும் தெரியும். பாவம், அவருக்கு அதுவும் தெரியாது.

இதைப் படிச்சுட்டு 'ச்சோ ஸ்வீட்'னு சொல்லிட்டு மூடிடாதீங்க. அதே புத்தகத்துலதான் நாலு வயசு அக்கா ஃபிரான்சஸோட சாவும் வருது. லீயே சின்ன வயசுல பல தடவை சாவோட விளிம்பு வரைக்கும் போய் வந்தவர். பெனிசிலின் மருந்துக்கடைக்கு வர்றதுக்கு முந்தின காலம் அது. ஒரு காய்ச்சல் வந்தா பிள்ளை பிழைக்குமா, இல்லையான்னு வீடே காத்திருக்கும்.

இன்னும் பின்னாடி போனா, ஃப்ளோரா தாம்சன். 1876-ல ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர்ல, ஜூனிப்பர் ஹில்ங்கிற குட்டிக் குடியிருப்புல பிறந்தவர். 'லார்க் ரைஸ்'னு பேர் மாத்தி அந்த ஊரைப் பத்தி 1939-ல எழுதினார். அங்க பண்ணைக் கூலிக்காரங்களுக்கு வாரச் சம்பளம் 10 ஷில்லிங். அரை பவுண்டு! வீட்டுக்கு ஒரு பன்றி வளர்ப்பாங்க. குளிர்காலத்துக்கு இறைச்சி அதுலேர்ந்துதான். அறுவடை முடிஞ்சதும் அம்மாக்களும் பிள்ளைகளும் வயல்ல சிதறின கோதுமைக் கதிரைக் குனிஞ்சு பொறுக்குவாங்க. மாவுக்கு அது உதவும்.

பள்ளிக்கூடம் பக்கத்து ஊர்ல. ஒண்ணரை மைல் நடை. குளிர்காலத்துல அம்மாக்கள் சுட்ட உருளைக்கிழங்கு ரெண்டைக் கையில கொடுத்து அனுப்புவாங்க. வழியில கை விறைக்காம இருக்க அதுதான் கிளவுஸ். போய்ச் சேர்ந்ததும் அதுதான் சாப்பாடு. எனக்கு இந்த மொத்தப் புத்தகத்துலயும் மறக்க முடியாதது இந்த உருளைக்கிழங்குதான். பெண் பிள்ளைகள் பன்னிரண்டு, பதிமூணு வயசுல வீட்டு வேலைக்கு வெளியூர் போயிடுவாங்க. பால்யம் அங்கேயே முடிஞ்சது.

ரொனால்ட் பிளைத் 1969-ல வெளியிட்ட 'ஏக்கன்ஃபீல்ட்' இன்னும் நேரடி. சஃபோக் பகுதி கிராமத்து மக்களை உட்காரவெச்சுப் பேச விட்டு, அவங்க சொன்னதை வெச்சே எழுதின புத்தகம். அதுல ஒரு முதிய விவசாயத் தொழிலாளி வர்றார். வீட்ல நிறைய பிள்ளைங்க, எப்பவும் பசி. 1914-ல, போர் வர்றதுக்கு முன்னாடியே பட்டாளத்துல சேர்ந்துடறார். பயிற்சி எடுத்த சில மாதங்கள்ல ஆறு கிலோ கிட்ட எடை கூடி, கொஞ்சம் உயரமாவும் ஆயிட்டாராம். பட்டாளத்துச் சாப்பாடுதான் காரணம்னு மத்தவங்க சொல்ல, அவர் மறுக்கிறார். வாழ்க்கையில முதல் தடவையா முதுகு ஒடியுற வேலை இல்லாததுதான் காரணமாம். ராணுவப் பயிற்சியே ஓய்வா தெரியுதுன்னா, அதுக்கு முன்னாடி அந்தப் பையன் வயல்ல என்ன பாடுபட்டிருப்பான்?

அப்புறம் ஏன் எல்லாரும் ஏங்குறாங்க?

இவ்வளவு கஷ்டத்தையும் சொல்லிட்டு, இதே ஆள்கள் அந்த நாள்களைப் பாசத்தோடதான் எழுதியிருக்காங்க. வயசானா எல்லாருக்கும் வர்ற ஏக்கம்தானேன்னு நானும் முதல்ல நினைச்சேன். வரிசையா படிக்கப் படிக்க ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்துச்சு. வீட்ல எதுவும் இல்லை. ஆனா, ஊர் முழுக்க அவங்களோடது. பள்ளி விட்டா பாதை, வேலி, ஓடை, காடு. 'எங்கடா போற?'னு கேட்க ஆள் இல்லை. அக்கறை இல்லாம இல்லை, பெரியவங்களுக்கு நேரம் இல்லை. வறுமையும் சுதந்திரமும் ஒரே கதவு வழியா வந்த மாதிரி.

விளையாட்டுச் சாமான்கூட வழியில கிடந்ததுதான். இலையுதிர் காலத்துல ஹார்ஸ் செஸ்ட்நட் மரத்துலேர்ந்து பளபளன்னு பழுப்புக் கொட்டைகள் விழும். பேர் 'காங்கர்'. நடுவுல ஓட்டை போட்டு நூல்ல கோத்து, ஒருத்தர் தொங்கவிட, இன்னொருத்தர் தன் கொட்டையால ஓங்கி அடிக்கணும். எது உடையுதோ அது அவுட். ஜெயிச்ச கொட்டை, தோத்த கொட்டையோட பழைய வெற்றிகளையும் தன் கணக்குல சேர்த்துக்கும். மொபைல் கேம்ல எதிரியைத் தட்டினா அவன் பாயின்ட்ஸும் நமக்கு வருமே, அந்தக் கணக்குதான். வினிகர்ல ஊறவெச்சு, அடுப்புல சுட்டுக் கொட்டையைக் கெட்டியாக்குற கில்லாடிகளும் உண்டு. இதுக்கு இன்னிக்கும் நார்தாம்ப்டன்ஷயர்ல உலக சாம்பியன்ஷிப் நடக்குது. சீரியஸா!

ஐயோனா, பீட்டர் ஓபி தம்பதி பிரிட்டன் முழுக்க சுமார் 5,000 பள்ளிப் பிள்ளைகள்கிட்டேர்ந்து இதையெல்லாம் சேகரிச்சு 1959-ல புத்தகமா போட்டாங்க. ஓடிப் பிடிச்சு விளையாடறப்போ மூச்சு வாங்கினா, விரலைப் பின்னிக் காட்டி 'நான் இப்போ ஆட்டத்துல இல்லை'ன்னு கத்தணும். அந்த ஒரு சொல் ஊருக்கு ஊர் வேற. லண்டன் பக்கம் 'ஃபெய்னைட்ஸ்', கிழக்கே 'கிங்ஸ்', இன்னொரு பக்கம் 'பார்லி'. பாடப் புத்தகத்துல இல்லாத இந்தச் சொல்லையெல்லாம் பிள்ளைகளுக்குப் பிள்ளைகளே கைமாத்திக்கிட்டு வந்திருக்காங்க.

பழி போன் மேலயா?

அந்தச் சுதந்திரம் எங்க போச்சு? 'இந்தக் காலத்துப் பசங்க போனை நோண்டிக்கிட்டே இருக்காங்க'னு பதில் ரெடியா இருக்கும். கொஞ்சம் பொறுங்க.

மேயர் ஹில்மன்ங்கிற ஆய்வாளரும் அவர் குழுவும் இங்கிலாந்துப் பள்ளிகள்ல ஒரு கணக்கெடுத்தாங்க. 1971-ல ஏழு, எட்டு வயசுப் பிள்ளைகள்ல 80 சதவிகிதம் பேர் பெரியவங்க துணை இல்லாம பள்ளிக்குப் போனாங்க. அதே பள்ளிகள்ல 1990-ல கேட்டப்போ, அது 9 சதவிகிதம்! கவனிங்க, வருஷம் 1990. ஸ்மார்ட்போன் யாரும் கேள்விப்படாத காலம். பெற்றோர் சொன்ன முக்கியக் காரணம், ரோட்ல ஓடுற வண்டிகள்.

ஒரு குரூரமான திருப்பமும் இருக்கு. அந்தக் காலகட்டத்துல சாலை விபத்துல சாகுற குழந்தைகள் எண்ணிக்கை குறைஞ்சது. சாலைகள் பாதுகாப்பாயிடுச்சுன்னு அரசாங்கம் சொல்லிக்கிச்சு. ஹில்மன் கேட்டது வேற. சாலை பாதுகாப்பாச்சா, இல்லை சாலையிலேர்ந்து குழந்தைகளை எடுத்துட்டோமா?

கிராமத்துக்கு இது இன்னும் மோசம். ரெண்டு பக்கமும் ஆள் உயர வேலி, நடைபாதை கிடையாது, ஒரு வண்டி போற அகலம். அப்படிப் பல பாதைகள்லகூட சட்டப்படி வேக வரம்பு மணிக்கு 60 மைல், அதாவது 96 கிலோமீட்டர். இதோட 1963-ல வந்த பீச்சிங் அறிக்கைக்குப் பிறகு ஊர் ரயில் நிலையங்கள் ஆயிரக்கணக்குல மூடப்பட, கார் இல்லாம கிராமத்துல வாழ முடியாதுன்னு ஆச்சு. டிராக்டர் வந்ததுல கூலி வேலையும் போய், இளசுகள் ஏற்கெனவே நகரத்துக்குக் கிளம்பியிருந்தாங்க.

கார் வந்ததோட தன் கிராமத்தோட பழைய வாழ்க்கை முடிஞ்சதுன்னு லாரி லீ எழுதியிருக்கார். அதுவரைக்கும் அங்க உச்ச வேகம் ஒரு குதிரையோட வேகம்தான். அவருமே 1934-ல, 19 வயசுல ஊரை விட்டு நடந்தே கிளம்பிட்டவர். ஃப்ளோராவும் சின்ன வயசுலயே தபால் ஆபீஸ் வேலைக்கு வெளியூர் போனவர்தான். ரெண்டு பேருமே ஊரைப் பத்தி எழுதினது அதை விட்டு வந்து பல வருஷம் கழிச்சுத்தான்.

2007-ல ஆக்ஸ்ஃபோர்ட் ஜூனியர் டிக்‌ஷனரியோட புதுப் பதிப்பு வந்தப்போ, 'காங்கர்', 'ஏக்கார்ன்', 'புளூபெல்' மாதிரி சொற்கள் காணோம். 'பிராட்பேண்ட்', 'பிளாக்' எல்லாம் உள்ளே வந்திருந்துச்சு. பெரிய சண்டையாச்சு. பதிலுக்கு 2017-ல ராபர்ட் மெக்ஃபார்லேனும் ஓவியர் ஜாக்கி மாரிஸும் சேர்ந்து, தொலைஞ்ச சொற்களுக்காகவே 'தி லாஸ்ட் வேர்ட்ஸ்'னு ஒரு படப் புத்தகம் போட்டாங்க. அதை வாங்கிப் பள்ளிகளுக்குக் கொடுக்க, பல ஊர்கள்ல ஜனங்களே பணம் திரட்டினாங்க.

ஸ்லாட் இன்னிக்கும் இருக்கு. பிற்காலத்துல ஊருக்கே திரும்பி, 1997-ல இறந்த லீயோட கல்லறை அங்க சர்ச் வளாகத்துல இருக்கு. அவர் பேர்ல ஒரு நடைபாதை, வழியெல்லாம் கம்பங்கள்ல அவர் கவிதைகள். வூல்பேக்னு அவர் வழக்கமா போற பப்பும் ஓடிக்கிட்டிருக்கு. பரிசுக்காகக் காத்திருந்தாரே, அந்தப் பள்ளிக்கூடம் மட்டும் இல்லை. கட்டடம் நிக்குது. இப்போ அது யாரோ ஒருத்தரோட வீடு.