டிரஸ்டியின் பெயரில் ஒரு வீடு

டீ வரட்டும் தம்பி, அதற்குள் சொல்லிவிடுகிறேன். உங்கள் பெரியப்பா உயில் எழுதி, பேத்தியின் படிப்புக்கென்று தஞ்சாவூர் வீட்டை விட்டுப்போயிருக்கிறார், உங்களையும் இன்னும் இருவரையும் டிரஸ்டிகளாகப் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “பிள்ளையுடைய வீட்டில் என் பேர் எதற்கு?” என்று கூச்சமாக இருக்கும். பொறுப்பு வேண்டாமென்றால் இப்போதே மறுத்துவிடலாம். ஏற்றுக்கொண்ட பிறகு நினைத்தபோது கழன்றுகொள்ள முடியாது.

1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டப்படி உடைமை டிரஸ்டியிடம், பலன் பயனாளிக்கு. (கோயில் கட்டளை, தர்ம சத்திரம் எல்லாம் இந்தச் சட்டத்தில் வராது, அது தனிக் கதை.) உடைமையில் ஓட்டை இருந்தால் அதை அடைப்பதும் டிரஸ்டியின் வேலைதான். 13-ஆம் பிரிவு அதைக் கடமையாகவே வைத்திருக்கிறது. வழக்குப் போடுவது, வந்த வழக்கை நடத்துவது, உரிமையை நிலைநாட்ட வேண்டியதைச் செய்வது எல்லாம் அதில் அடக்கம். அந்தப் பிரிவே ஓர் உதாரணம் தருகிறது: சொத்து பெரியப்பாவுக்குப் பதிவாகாத பத்திரத்தில் வந்திருந்தால், அதைப் பதிவு செய்ய வைப்பது டிரஸ்டியின் பொறுப்பு. எழுதிய நாளிலிருந்து 4 மாதம்தான் கெடு, அபராதம் கட்டினால் இன்னொரு 4 மாதம். யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க முடியாது.

முதலில் தாய்ப் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். “என் பீரோவிலேயே பத்திரமாக இருக்கட்டுமே” என்று ஓர் உறவினர் நிச்சயம் சொல்வார். நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் அந்த ஆவணங்களை வைத்திருக்கும் உரிமை 31-ஆம் பிரிவின்படி உங்களுக்கு. பிறகு வில்லங்கம் போட்டுப் பாருங்கள், பட்டா மாற்றத்துக்கு எழுதிக் கொடுங்கள். பட்டா கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களே ஊரில் அதிகம். அது வருவாய்த்துறைக் கணக்கு, உரிமைப் பத்திரம் இல்லை.

மூவரில் ஒருவர் காலமானால் அவர் மகன்கள் வாரிசுச் சான்றிதழோடு வந்து நிற்பார்கள். டிரஸ்ட் சொத்து அவர்களுக்குப் போகாது. மீதி இருவரிடமே நிற்கும், 76-ஆம் பிரிவு. புதிதாக ஒருவரை முறைப்படி நியமித்தால் அவருக்கும் உடைமை தானாகவே சேரும். கிரயப் பத்திரம் தேவையில்லை.

செலவா? நியாயமாகச் செய்ததைச் சொத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். கைக்காசு போட்டிருந்தால் அந்தத் தொகைக்கும் வட்டிக்கும் சொத்தின் மேல் உங்களுக்குத்தான் முதல் பாத்தியதை. பத்திர எழுத்தர் கூலியிலிருந்து எல்லாவற்றுக்கும் ரசீது வாங்கி வையுங்கள்.