புலாவ் கெலும்பாங்கின் பால் நாரை



நாரை என்றதும் வயலும் குளமும்தானே உங்கள் நினைவுக்கு வருகின்றன? இன்று நாம் பார்க்கப்போவது கடலோரக் காட்டில் வாழும் நாரை. அதன் பெயர் பால் நாரை. மலாயில் புரோங் உப்பே என்பார்கள்.

உடம்பு வெள்ளை. இறக்கையின் ஓரமும் வாலும் கறுப்பு. முகத்தில் இறகே கிடையாது, சிவந்த தோல்தான். உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர்.

அது இரை பிடிப்பதைப் பார்க்க வேண்டுமே! அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டபடி மெல்ல நடக்கும். மீன் அலகில் பட்டதும் சட்டென்று மூடிக்கொள்ளும். கண்ணுக்கு வேலையே இல்லை! கலங்கிய நீரில் எதுவும் தெரியாது அல்லவா, அதனால் தொட்டுத் தெரிந்துகொள்கிறது. சேற்றுப் பொந்துக்குள் அலகை நுழைத்து, பெலாச்சாக் மீனையும் இழுத்து எடுத்துவிடும்.

பேராக் மாநிலத்தில் மாத்தாங் அலையாத்திக் காடு இருக்கிறது. அங்கே உள்ள ஒரு தீவுதான் புலாவ் கெலும்பாங். 1980களில் அந்த வட்டாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பால் நாரைகள் இருந்தன. 2005 வாக்கில் பத்துகூட இல்லை.

ஏன் குறைந்தன? நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும்! இந்த நாரைகள் கூட்டமாகக் கூடு கட்டுபவை. அதற்கு உயரமான, வலுவான மரங்கள் வேண்டும். கடலோரக் காடுகளை மரத்துக்காகவும் இறால் பண்ணைக்காகவும் மனிதர்கள் அழித்துக்கொண்டே வந்தார்கள். கூட்டுக்கு மரமும் இல்லை, இரைக்குச் சேறும் இல்லை என்றால் பறவை எங்கே போகும்?

நல்லவேளையாக, நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே ஒரு முயற்சி நடந்தது. உலு கிள்ளானில் 1963இல் திறக்கப்பட்ட தேசிய மிருகக்காட்சி சாலை, ஸூ நெகாரா, உங்களுக்குத் தெரியும். அங்கே 1980களின் பிற்பகுதியிலிருந்து பால் நாரைகள் குஞ்சு பொரித்து வருகின்றன. அப்படி வளர்ந்த பறவைகளை 2007இல் பேராக்கின் கோல குலாவில் காட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். கோலசிலாங்கூரிலும் இதே முயற்சி நடந்தது.

இதுவரை புரிந்ததா? சரி, இனிமேல்தான் சிக்கல். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

பால் நாரைக்கு நெருங்கிய உறவு ஒன்று உண்டு. மஞ்சள் மூக்கு நாரை. தமிழ்நாட்டில் கூந்தன்குளத்தில் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டுமே, அதேதான். மார்பில் கறுப்புப் பட்டையும், வால் பக்கம் இளஞ்சிவப்பு இறகுகளுமாக அழகாக இருக்கும். ஸூ நெகாராவில் இந்த நாரைகளும் கூண்டில்லாமல் பறந்து திரிகின்றன. இரண்டு இனமும் ஜோடி சேர்ந்தால் கலப்புக் குஞ்சுகள் பிறக்கும். அந்தக் குஞ்சுகளும் வளர்ந்து முட்டையிடும்.

அதனால் என்ன என்கிறீர்களா? பாலில் ரோஸ் சிராப் ஊற்றி பண்டோங் கலக்கியபின், பாலைத் தனியாக எடுக்க முடியுமா? அப்படித்தான் இதுவும். பால் நாரை கொஞ்சம்தான் இருக்கிறது. அதுவும் கலந்துவிட்டால் அந்த இனமே மறைந்துபோகும். சில கலப்புப் பறவைகள் அச்சு அசலாகப் பால் நாரை போலவே இருப்பதால், மரபணுவைச் சோதித்தால்தான் உண்மை தெரியும். குஞ்சு பொரிக்க வைப்பதைவிட, தாயும் தகப்பனும் யாரென்று பார்த்து ஜோடி சேர்ப்பதுதான் பெரிய வேலை என்று நான் நினைக்கிறேன். சிங்கப்பூரிலும் ஆய்வாளர்கள் இதே சிக்கலோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

நீரிணைக்கு அப்பால், சுமத்திராவின் கிழக்குக் கரையில் இன்னும் பால் நாரைகள் காட்டிலேயே வாழ்கின்றன. அங்குள்ள அலையாத்திக் காடுகளைக் காப்பதும் அவசர வேலைதான்.

அடுத்த முறை ஏரிக்கரையில் பெரிய வெள்ளை நாரையைக் கண்டால், முதலில் மார்பைப் பாருங்கள். கறுப்புப் பட்டை உண்டா? பிறகு வால் பக்கம் பாருங்கள். இளஞ்சிவப்புச் சாயல் தெரிகிறதா? தேதி, நேரம், இடம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். முடிந்தால் அப்பாவிடமோ அம்மாவிடமோ ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். அதை மலேசிய இயற்கைச் சங்கத்துக்கு அனுப்பிக் கேட்கலாம்.