முதலீட்டாளர் தரும் பணம் கடனா? செயலி உருவாக்கும் இளைஞர்கள் அறிய வேண்டிய கணக்கு

ஜொகூர் பாரு - "என் செயலிக்கு ஒருவர் 5 லட்சம் வெள்ளி தருகிறாராம்" என்று மகன் வீட்டில் வந்து சொன்னால், "மாதம் எவ்வளவு கட்டணும்?" என்பதுதான் பெற்றோரின் முதல் கேள்வியாக இருக்கும். துணிகர முதலீட்டில் தவணையும் இல்லை, வட்டியும் இல்லை. பணத்துக்கு ஈடாக நிறுவனத்தின் பங்கைத்தான் கொடுக்க வேண்டும்.

கூலாயில் இரு நண்பர்கள் சேர்ந்து, பள்ளி வேன் எங்கே வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் செயலி ஒன்றை உருவாக்குவதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்குப் பாதிப் பங்கு. முதலீட்டாளர் 5 லட்சம் வெள்ளி போடுகிறார். அதையும் சேர்த்து நிறுவனத்தின் மதிப்பு 20 லட்சம் என முடிவாகிறது. அவருக்கு 25 விழுக்காடு போக, நண்பர்களுக்கு ஆளுக்கு 37.5 விழுக்காடு மிஞ்சும். அடுத்த சுற்றில் இன்னொருவருக்கு 20 விழுக்காடு கொடுத்தால், அது ஆளுக்கு 30 ஆகக் குறையும்.

இதுவரை பலருக்கும் தெரியும். கவனிக்கத் தவறுவது, முதலீட்டாளர் பெரும்பாலும் முன்னுரிமைப் பங்குகளையே கேட்பார் என்பதைத்தான். முதல் சுற்றோடு நிறுவனம் 8 லட்சத்துக்கு விற்கப்படுகிறது என்றால், அவர் போட்ட 5 லட்சத்தை முதலில் எடுத்துக்கொள்வார். நண்பர்களுக்குத் தலா ஒன்றரை லட்சம்தான். சாதாரணப் பங்காக இருந்திருந்தால் தலா 3 லட்சம் கிடைத்திருக்கும். ஒப்பந்தத்தில் ஒரே ஒரு பத்தி செய்யும் வேலை இது. வீடு வாங்கப் பத்திரம் எழுதிய வழக்கறிஞரிடமே இதையும் நீட்டாமல், நிறுவனச் சட்டத்தில் பழகியவரிடம் காட்டுவது நல்லது.

பங்கு வேறு, பிடி வேறு என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2012-இல் கோலாலம்பூரில் 'மைடெக்சி'யாகத் தொடங்கியதுதான் இன்றைய கிரேப். தொடக்கத்தில் அதற்குக் கைகொடுத்தவற்றுள் அரசாங்கத்தின் கிரேடல் நிதி நிறுவனம் தந்த மானியமும் ஒன்று. 2014-இல் சிங்கப்பூரின் வெர்டெக்ஸ் முதலீடு செய்தது. அதே ஆண்டு தலைமையகம் ஜொகூர் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டது. 2021 டிசம்பரில் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றபோது, நிறுவனர் அந்தோணி டானிடம் இருந்தது சிறு பங்குதான். ஆனால் சிறப்பு வாக்குரிமைப் பங்குகளால், ஏறக்குறைய 60 விழுக்காடு வாக்குகள் அவர் கையில் இருந்தன. அந்த உரிமை தானாக வந்ததல்ல, கேட்டுப் பெற்றது.

இன்னொன்று. எண்டர்பிரைஸ் என்று பதிந்த தொழிலுக்குப் பங்கு என்பதே கிடையாது. சென்டிரியான் பெர்ஹாட் நிறுவனமாகப் பதிந்தால்தான் முதலீட்டாளரிடம் பேசவே முடியும். 2016 நிறுவனச் சட்டத்தின்படி அதை ஒருவரே தொடங்கலாம்.

கூலாய் வேன் செயலிக்கு வருவோம். பத்து நிறுவனங்களில் போட்ட பணத்தை ஒன்றிரண்டில் பன்மடங்காகத் திரும்ப எடுக்கப் பார்ப்பவர்கள் துணிகர முதலீட்டாளர்கள். நாடு முழுவதும், வெளிநாட்டுக்கும் பரவக்கூடியதையே அவர்கள் தேடுவார்கள். கூலாய், செனாய் பள்ளிகளோடு நிற்கும் செயலி நல்ல வருமானம் தந்தாலும் அவர்கள் கண்ணில் படாது. அதற்கு, இந்தியத் தொழில்முனைவோருக்கு தெக்குன் வழங்கும் ஸ்பூமி கடனுதவியே பொருந்தும். தவணை கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் ஆளுக்குப் பாதிப் பங்கு அப்படியே இருக்கும்.