பந்தாட்டம் பார்க்கப் போனோம்!

கீழப்பாவூரிலிருந்து பாளையங்கோட்டைக்குச் சுமார் 50 கிலோமீட்டர்தான். ஆனால் என்னவர் படித்த தூய சவேரியார் கல்லூரி கால்பந்து ஆடுகிறது என்றால், அவருக்கு முதல் நாளே தூக்கம் போய்விடும்! 1923-ல் தொடங்கிய அந்தக் கல்லூரி அவருக்கு இன்னொரு தாய் வீடு.

பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாகக் காரில் குடும்பத்தோடு கிளம்பினோம். எங்கள் பத்து வயது மகளுக்குக் கார் என்றாலே வாந்தி. கண் கையிலிருக்கும் செல்போனையே பார்க்கிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ வண்டியின் அசைவை உணர்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். வெறும் வயிறும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது என்று இரண்டே இட்லி கொடுத்தேன். செல்போனை வாங்கி வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து எதிரே தெரியும் சாலையைப் பார்க்கச் சொன்னேன். வாந்தியே இல்லை!

முதல் 45 நிமிடம் முடிந்து இடைவேளை. நீர்மோரும் எலுமிச்சை சாதமும் எடுத்து வைத்தேன். "நானும் பந்து ஆடணும்மா" என்றாள் மகள்.

மாமியாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "பொட்டப்புள்ள பந்தை உதைச்சா ஊரு சிரிக்காதா?"

"பொம்பளைங்களுக்கு 1991-லயே உலகக் கோப்பை நடத்திட்டாங்கம்மா" என்றார் என்னவர். அத்தை பதில் பேசவில்லை. எனக்கோ மனசு திக்திக்கென்றது.

ஆட்டம் டிராவில் முடிந்தது. திரும்பும்போது ஆலங்குளத்தில் டீ குடிக்க இறங்கினோம். பேத்தியின் காலையே பார்த்துக்கொண்டிருந்த அத்தை சொன்னார்: "செருப்போட ஓடுனா காலு பிசகிரும். நல்ல பூட்ஸா வாங்கிக் குடுங்க."

சகோதரிகளே, அடுத்த ஆட்டத்துக்கு ஆண்களை மட்டும் அனுப்பாதீர்கள். பெண் குழந்தைகளையும், முக்கியமாகப் பாட்டிமார்களையும், கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்!